ஜீப் நின்ற வீடு எங்கள் வீடு அல்ல

என் மாமியை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவை, பட்டுச்சேலையில் நான் இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று எங்கள் கல்யாணத்தில், இன்னொன்று மாரியம்மன் திருவிழாவில். அதனால் அன்றைக்குக் காலை, கந்தப்பளைக் கடைத்தெருவில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கியபோது, எதிரே சிவலிங்கம் முதலாளியின் மளிகைக் கடை மாடிப்படியில் அரக்குப் பட்டுச்சேலை ஒன்று ஏறிப்போவதைப் பார்த்து, யாரோ கல்யாண வீட்டுக்காரர் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் நடையைக் கவனித்தேன். முதுகு முன்னுக்குச் சாய்ந்த நடை. தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து, கூடை இல்லாத நாளிலும் மாமி அப்படித்தான் நடப்பார்.

"மாமி!" என்று கத்தினேன்.

திரும்பவே இல்லை. இன்னும் வேகமாக ஏறினார். மாமிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை அப்படியே போட்டுவிட்டுத் தூறலில் ரோட்டைக் கடந்து ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவின் நுனியில் மாமி உட்கார்ந்திருக்கிறார். முதலாளியம்மா குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருக்கிறார். சுவரில் முதலாளியின் காலமான அப்பா படம் தொங்கிய ஆணியில் என் வீட்டுக்காரர் படம் தொங்குகிறது. வெள்ளை உடுப்பில், தொப்பியோடு. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்து வந்த படம்.

"என்னா மாமி இது கூத்து?"

"சத்தம் போடாத சாந்தி. அவுங்க வந்துகிட்டு இருக்காங்க."

"யாரு?"

"நேவிக்காரங்க. யாரு வீடுன்னு கேட்டா நம்ம வீடுன்னு சொல்லு. வாய மட்டும் வெச்சுகிட்டு சும்மா இரு தாயி."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா? நானா?

ஒரு சின்னக் கதவு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குமார் இலங்கைக் கடற்படையில் மாலுமி. யுத்தம் முடிந்து சில வருடங்களில் சேர்ந்தவர். சேர்ந்த பிறகுதான் கடலையே முதன்முதலாகப் பார்த்தார். பிறந்ததும் வளர்ந்ததும் கந்தப்பளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு, வீட்டுக்குக் காம்பரா என்று ஒரே ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை. அதே லயத்தில்தான் மாமியும் நானும் பிள்ளைகளும் இன்றைக்கும் இருக்கிறோம்.

கப்பலில் மாலுமி வேறு, ஆபிசர் வேறு. சாப்பிடும் இடம் வேறு, படுக்கும் இடம் வேறு, தொப்பி வேறு. அவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை. எங்கள் தோட்டமும் அதேதான். எத்தனை வருடம் கொழுந்து பறித்தாலும் மிஞ்சிப்போனால் கங்காணி. தோட்டத்தை நடத்துகிற தொரை எப்போதும் வெளியிலிருந்துதான் வருவார். சில தொரைகளுக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது.

ஆனால் கடற்படையில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பல வருடம் வேலை செய்து கைதேர்ந்த மாலுமிகளில் சிலரைப் பரீட்சை வைத்து, நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, ஆபிசர் ஆக்குவார்கள். அதற்கு வயது எல்லை உண்டு. குமார் ஏற்கெனவே ஒரு தடவை எழுத்துப் பரீட்சையில் வழுக்கிவிட்டார். இந்தத் தடவை எழுத்தில் தேறிவிட்டார். இது தவறினால் அவ்வளவுதான், அந்தக் கதவு அவருக்கு மூடிவிடும்.

கூட வேலை செய்கிறவர்களே வேண்டாம் என்றார்களாம். இப்போது எஞ்சின் ரூமில் எல்லாரும் அண்ணன் என்கிறார்கள். ஆபிசர் ஆனால் ஆபிசர்களில் கடைசி ஆள் ஆகிவிடுவாய், எதற்கு இந்த வேலை என்று கேட்டார்களாம். அது அன்பில் சொன்னது, விட்டுவிடலாம். எங்கள் கடைத்தெருவில், என்னிடம் தைக்கக் கொடுக்க வந்த ஒரு ஆள் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "லயத்துப் பையனுக்கு இதுவே பெரிசும்மா."

இதுவே பெரிசாம். எங்களுக்கு எது பெரிசு என்று அளந்து கொடுக்க இவர்கள் யார்? அன்றைக்கு அந்த ஆளுடைய கால்சட்டையை வேண்டுமென்றே இறுக்கித் தைத்துக் கொடுத்தேன்.

ஏன் ஆபிசர் ஆக ஆசைப்படுகிறீர்கள் என்று அவரிடம் ஒரு லீவில் கேட்டேன்.

"எஞ்சின் ரூம்ல நான் செய்யிற வேலைய பத்தி மேல ஒரு ரூம்ல ஒக்காந்து பேசுறாங்க சாந்தி. கதவு சாத்தியிருக்கும். பேசி முடிச்சுட்டு நம்மகிட்ட வந்து முடிவ மட்டும் சொல்லுவாங்க. நானும் ஒரு நாள் அந்தக் கதவுக்கு உள்ள ஒக்காரணும்."

எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளை உடுப்பும் ஒரு ஓட்டமும்

அவர் சேர்ந்து முதல் லீவில் வந்த கதையைச் சொல்லாமல் போனால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

நானுஓயாவில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, வெள்ளை உடுப்போடு தோட்டத்துப் பாதையில் இறங்கி வந்திருக்கிறார். நல்ல பனிமூட்டம். லயத்துக் கோடியில் இரண்டு மூன்று பேர் கசிப்பு என்கிற கள்ளச்சாராயக் கேனோடு உட்கார்ந்திருந்தார்களாம். மூட்டத்துக்குள்ளிருந்து தொப்பி வைத்த ஒரு உருவம் வந்ததும், "டேய் பொலிஸ்டா!" என்று ஒரே ஓட்டம். அதில் ஒருவர் கால் தடுக்கித் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்து, கேனைத் தூக்கி முள்வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டே எழுந்தார். அவர் குமாரின் சொந்தத் தாய்மாமன்.

"மாமா, நான்தான்."

"அட நாசமாப் போறவனே! நல்ல சரக்குடா அது!"

மகன் சீருடையில் வந்ததைப் பார்த்து மாமி அழுதாரா சிரித்தாரா என்று கேட்டால், இரண்டும் இல்லை. தம்பி வீசிய கேனைத் தேடிப்பிடித்துக் கானில் கவிழ்த்துவிட்டு வந்துதான் மகனை அணைத்துக்கொண்டார்.

போன வாரம் மாமியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பஸ்ஸில் ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். "மாமியார பத்தி இப்புடியா பத்திரிகையில எழுதுறது?" என்று ஒரே கோபம். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். "நீ எழுது புள்ள. ஜீப்பு வந்த அன்னைக்கு நான் கட்டுனது அரக்குன்னு சரியா எழுது, செகப்புன்னு எழுதிப்புடாத" என்றார். ஆகவே மேலே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பத்து வீட்டுச் சாமான்

எழுத்தில் தேறியவர்களின் வீடுகளுக்கு விசாரணைக்கு ஒரு ஆபிசர் வருவார் என்று போன் வந்தது. குடும்பத்தாரைப் பார்த்துப் பேசுவார்களாம். வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறோம் என்றார்கள். குமாரோ கடலில் இருந்தார். போன் போட்டால் அந்தப் பக்கம் ஒரு பெண் பதிவுக் குரலில் மன்னிப்புக் கேட்டாள். அவளோடு சண்டை பிடிக்க ஏலாது.

செய்தி எப்படிப் பரவியதோ, அன்று சாயங்காலமே லயம் முழுக்க எங்கள் வாசலில். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் காரியம் என்றால் பத்து வீட்டுச் சாமானும் அந்த வீட்டுக்கு வந்துவிடும். சாவுக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கும் அப்படித்தான். முதல் வீட்டிலிருந்து கண்ணாடி அலுமாரி. மூன்றாம் வீட்டிலிருந்து பெரிய டிவி. பாக்கியம் அக்கா மகளின் சீதனத்துக்கு வாங்கிய சோபாவைக் கடைத் தாளோடு கொண்டுவந்து இறக்கினார்.

எல்லாவற்றையும் உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது, மனுஷர் நுழைய இடமில்லை. சோபாவில் உட்கார வேண்டுமானால் அலுமாரி மேல் ஏறிக் குதிக்க வேண்டும்.

"அக்கா, அவுங்க நம்ம வீட்ட பாக்க வாறாங்களா, சாமான் கடைய பாக்க வாறாங்களா?" என்றேன்.

"ஆபிசர் வீடு மாதிரி இருக்க வேணாமா சாந்தி?"

"மாலுமி வீடு மாதிரி இருந்தா போதும். அவர்தான் ஆபிசர் ஆகப்போறாரு, சோபா இல்ல."

நாற்காலிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். பாக்கியம் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. மாமி ஒன்றும் பேசவில்லை. அங்கேதான் நான் கவனித்திருக்க வேண்டும். மாமி கத்தினால் பயமில்லை, பேசாமல் இருந்தால் வேறு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

அலுமாரி திரும்பிப் போவதை மாமி வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வெறும் சுவரும் புகை படிந்த கூரையும் பார்த்தால் மகனைக் கழித்துவிடுவார்கள் என்ற பயம். மறுநாள் மளிகைச் சாமான் வாங்கப் போனவர் சிவலிங்கம் முதலாளியிடம் போய் அழுதிருக்கிறார். முதலாளி நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "இதுக்கு ஏன்மா அழுவுறீங்க? மேல எங்க வீடு இருக்கு. ஒரு மணி நேரம் ஒங்க வீடுன்னு வெச்சுக்கோங்க" என்றிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை, பாதி நாள் தைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நான் கடைக்குப் போனேன். அவசரத்தில் போனை வீட்டில் மறந்துவிட்டேன். பாதை நன்றாக இருந்ததால் முன்னதாகவே வந்துவிட்டோம், வீடு எங்கே என்று நுவரெலியாவிலிருந்து ஆபிசர் அந்தப் போனுக்கு எடுத்திருக்கிறார். மாமிக்குச் சிங்களம் அரைகுறை. கொஞ்சம் இருங்க என்று போனை வைத்துவிட்டு, பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, மகன் படத்தையும் கழற்றிக்கொண்டு நேரே முதலாளியிடம் ஓடி, அந்த நம்பருக்கு அவரையே பேச வைத்துவிட்டார். முதலாளி வழி சொன்னார். கந்தப்பளைக் கடைத்தெரு, மளிகைக் கடைக்கு மேல்மாடி.

இப்போது மாடிக்கு வருவோம்.

மூன்று கதவுகள்

நான் மாமியோடு சண்டையைத் தொடங்கக்கூட இல்லை, கீழே ஜீப் வந்து நின்றது. முதலாளியம்மா "ஐயோ" என்று உள்ளே ஓடினார். படியில் பூட்ஸ் சத்தம்.

வந்த ஆபிசருக்கு நாற்பது வயதிருக்கும். தோளில் தங்கக் கோடுகள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வழியில் டயர் காற்றுப் போய் டிரைவரோடு சேர்ந்து மாற்றினாராம், கையெல்லாம் கரி. அந்தக் கையால் பைலைத் தொடாமல் முழங்கையில் இடுக்கி வைத்திருந்தார்.

"குமாரின் அம்மாவா? கை கழுவ வேண்டும். எந்தப் பக்கம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்தளவு சிங்களம் மாமிக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா போல எழுந்து, "வாங்க மாத்தயா, இந்தப் பக்கம்" என்று சிங்கள மரியாதைச் சொல்லோடு நடந்தார். கூடத்தில் மூன்று கதவுகள் இருந்தன. மூன்றும் மூடியிருந்தன. மாமி இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் அரிசி வாங்கியிருக்கிறாரே தவிர மாடிக்கு வந்தது அன்றைக்குத்தான். மூன்று கதவையும் திருதிருவென்று பார்த்தார். பிறகு சாமி மேல் பாரத்தைப் போட்டு நடுக் கதவைத் திறந்தார்.

கட்டிலில் வரிசையாக முதலாளி, முதலாளியம்மா, அவர்களுடைய மகள். போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியம்மா மடியில் கழற்றி வைத்த மாமனார் படம், மாலையோடு.

முதலாளி மெதுவாக எழுந்து கும்பிட்டார்.

ஆபிசரும் கரிக் கையால் கும்பிட்டார். பிறகு மாமியைத் திரும்பிப் பார்த்து, "இவர்கள் யார்?" என்றார்.

"விருந்தாளிங்க" என்றார் மாமி, தமிழில்.

ஆபிசருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். "அம்மா என்ன சொல்கிறார்?"

மாமி என் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். இன்னும் வலிக்கிறது போல இருக்கிறது. முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு சொல்லைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

நான் பொய்யே சொல்லாத பிறவி ஒன்றும் இல்லை. தையல்காரி நான். "நாளைக்கு கட்டாயம் தந்துடுறேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்தேன். என் புருஷன் இன்னொருத்தர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணியிலும் எஞ்சின் சூட்டிலும் இத்தனை வருடம் கிடந்த மனுஷன், கடைசியில் ஒரு மாடி வீட்டுப் பிள்ளை என்ற பேரில்தான் ஆபிசர் ஆக வேண்டுமா? அப்படி ஆனால் ஆகிறவர் அவரா, அந்த மாடி வீடா? எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"இது எங்க வீடு இல்ல மாத்தயா" என்றேன் சிங்களத்தில். "இவங்கதான் இந்த வீட்டுக்காரங்க. எங்க வீடு கீழ தோட்டத்துல, லயத்துல இருக்கு. வாங்க, கூட்டிட்டுப் போறேன். கையையும் அங்கேயே கழுவலாம்."

சோபாவில் ஏறி நின்று படத்தைக் கழற்றினேன். பிளாஸ்டிக் உறை கிழிந்தது. முதலாளியம்மா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார், காட்டட்டும்.

பீலித் தண்ணி

ஜீப்பில் ஆபிசர் முன்னால். மாமியும் நானும் பின்னால். படம் என் மடியில். ஆபிசருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் மாமி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

"பாவி. எம் மகன் சீட்ட கிழிச்சிட்டியே. பெத்த வயிறு எரியுதுடி. ஒனக்கு என்னா, நாலு சட்டைய தைச்சு பொழைச்சுக்குவ."

நானும் விடவில்லை. "ஒங்க மகன் சீட்டு ஒரு சோபாவுல தொங்குதுன்னா அது கிழியட்டும் மாமி."

தேயிலைப் பாக்டரி வளைவோடு ஜீப் பாதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு படிக்கட்டுதான். வழியில் பார்த்த வாட்ச்சர் பழக்கதோஷத்தில், "தொரை பங்களா அந்தப் பக்கம் சார்" என்று கையைக் காட்டினார். ஆபிசர் என்னைப் பார்த்தார். நான் கீழே காட்டினேன். இறங்கினோம்.

மலைத் தண்ணி குழாய் வழியாகக் கொட்டுகிற பீலியடியில் பெண்கள் வாளியோடு நின்றார்கள். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். ஆபிசர் கையை நீட்டினார். பீலித் தண்ணி பட்டதும் "அம்மோ" என்று துள்ளிவிட்டார். அந்தக் குளிர் எங்களுக்குப் பழக்கம். பாக்கியம் அக்கா ஓடிப்போய்ச் சவர்க்காரம் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்குள் குனிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மாமி பட்டுச்சேலையோடு அடுப்படியில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சாதாரணக் கேள்விகள்தான் கேட்டார். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், லீவில் வந்தால் குமார் என்ன செய்வார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "ஏன் முதலில் அந்த வீட்டுக்கு வரச் சொன்னீர்கள்? அம்மா சொல்லட்டும்" என்றார்.

மாமிக்குச் சொன்னேன். மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு நிமிர்ந்தார்.

"எம் மகன் ஆபிசர் ஆவணும் சார். இந்த வீட்ட பாத்தா ஆக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன். இதுல அவனுக்கு ஒன்னும் தெரியாது, அவன் கடல்ல கெடக்குறான். தப்புன்னா அது என்னோடது."

ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னேன். அவ்வளவு திட்டிக்கொண்டு வந்த பொம்பளை, மொத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டாரே.

ஆபிசர் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குக் கொடுத்த கேள்விகளில் வீடு சின்னதா பெரிதா என்று எதுவும் இல்லை. வீட்டார் உண்மை சொல்கிறார்களா என்று ஒன்று இருக்கிறது. நடந்ததை நான் எழுதத்தான் வேண்டும்."

"எழுதுங்க" என்றேன். "அந்த மாடி வீட்டையும் எழுதுங்க, ஒளிக்க ஒன்னுமில்ல. ஆனா ஒன்னு கேக்குறேன் மாத்தயா. இத்தனை வருசம் அவர் இந்த வீட்டுலருந்துதான் ஒங்க கப்பலுக்கு வந்தாரு. எஞ்சின் ஓட்டுறப்போ யாரும் அம்மாவ பாக்க வரல. ஆபிசர் ஆக்குறதுக்கு மட்டும் அம்மா எப்படின்னு பாக்கணுமா? சரி, பாத்துட்டீங்க. மகனுக்காகப் பொய் சொன்னாங்க, மகனுக்காகவே உண்மையையும் சொன்னாங்க. ரெண்டையும் எழுதுங்க."

ஆபிசர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மாமிக்குக் கும்பிட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி மாமியும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தார், கருவாட்டுக் குழம்போடு.

அந்த மேசையில்

கரைக்கு வந்ததும் குமார் போன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேறு யார் என்ன சொன்னாலும் தாங்குவேன், இவர் ஒரு சொல் சொன்னால் உடைந்துவிடுவேன்.

"அந்த ஆபிசர் நம்ம பீலியில கை கழுவுனாரா?"

"கழுவுனாரு. துள்ளுனாரு."

சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். பிறகு அவர் குரல் மாறியது. "அம்மாவ ஒன்னும் சொல்லாத. நேர்முகத்துக்குக் கூப்புடுறப்போ நான் பாத்துக்குறேன்."

மழைக்காலம் முடிந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் வரிசையாகப் பெரியவர்கள். எஞ்சினைப் பற்றி, ஆட்களை நடத்துவதைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒருவர் பைலைத் திருப்பினாராம். உங்கள் அம்மா எங்கள் ஆபிசரிடம் வேறொரு வீட்டைக் காட்டியிருக்கிறார், இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றாராம்.

"அது என் அம்மா, சார். எனக்காகச் செய்தது. அதுக்கு ஒரு குறை எழுதணும்னா என் பேருக்கு நேரே எழுதுங்க, அவங்க பேர்ல எழுத வேணாம். அம்மாவ விட்டுக்கொடுத்துட்டு எனக்கு இந்தத் தொப்பி வேணாம்."

இதை அவர் என்னிடம் சொன்னபோது, "லூசா நீங்க? அப்படியா பேசுறது அங்க?" என்றேன்.

"நீ மட்டும் பேசலாமா?" என்றார்.

பல வாரம் ஒரு தகவலும் இல்லை. மாமி மாரியம்மனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார், கோபமாம். நான் தைக்கிற சட்டையில் எல்லாம் பட்டன் ஓட்டை தவறியது. ஒரு நாள் காலை, மாமி மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம் குமார் எனக்குப் போன் எடுத்தார். ஆபிசர் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

கடையைப் பூட்டாமல்கூட ஓடினேன். மலைக்கு மேலே ஏறி மூச்சு வாங்க, "மாமி, கெடைச்சிருச்சு!" என்று கத்தினேன். மாமி கூடையை இறக்கவில்லை. கையிலிருந்த கொழுந்தை முதலில் கூடையில் போட்டார். அப்புறம் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் கொழுந்து வாசம்.

"நாந்தான் சொன்னேன்ல, நம்ம வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கணும்னு" என்றார்.

சொன்னாராம்! அம்மாடி, இந்தப் பொம்பளையோடு யாரால் ஜெயிக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை

குமார் ஆபிசராகி முதல் லீவுக்கு வரும் செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. இரண்டு நாள் முன்பு கண்டாக்கு எங்கள் வாசலுக்கு வந்தார். மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர் அவர். லயத்துக்கு அவர் வருவதென்றால் பெரும்பாலும் யாரையாவது ஏச வருவார். அன்றைக்கு மாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"செல்லம்மா, தொரைக்கு ரொம்ப சந்தோசம். மகன் வந்ததும் பங்களாவுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாமாம்."

மாமிக்குப் பங்களா தெரியும். பூப்பாத்தியில் புல் பிடுங்கப் போயிருக்கிறார். மதிலுக்கு உள்ளே, பங்களாச் சுவருக்கு வெளியே. மலையில் தொரை வருகிறார் என்றால் தலைமுறை தலைமுறையாக எங்கள் பெண்கள் பாதையை விட்டு ஒதுங்கி, பேச்சை நிறுத்தி, எழுந்துதான் நிற்பார்கள். மாமியும் இத்தனை வருடம் நின்றவர்தான். அதனால் உடனே சரி என்பார் என்று நினைத்தேன். என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"சந்தோசம் ஐயா" என்றார் மாமி. "ஆனா எம் மகன் கொஞ்ச நாளைக்குத்தான் வாறான். வீட்டுலதான் இருப்பான். தொரைய வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

கண்டாக்கு சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். "என்னா செல்லம்மா, தொரை லயத்துக்கு வருவாரா?"

"ஏன், நேவி ஆபிசர் வந்தாருல்ல? எங்கேயோ இருந்து வந்து படி எறங்கி, இதே காம்பராவுல ஒக்காந்து குடிச்சிட்டுத்தான் போனாரு. தொரை பங்களா இந்தா இருக்கு, கூப்புடு தூரத்துல. போய் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கண்டாக்குவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா இஸ்தோப்பிலிருந்து, "செல்லம்மாக்கா, வேல போயிரும்" என்று முணுமுணுத்தார். மாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொரை வந்தார். ஒற்றை ஆளாக, குடையோடு, படி வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார். லயமே எழுந்து நின்றது. குமார் எழுந்து போய்க் கை கொடுத்தார். நான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

மாமி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். "வாங்க, ஒக்காருங்க" என்றார்.